மாப்பிள்ளைத் தோழன்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கல்யாணப் புகைப்படத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். 1921 அக்டோபரில் அயர்லாந்தில் எடுத்த படம். நடுவில் மாப்பிள்ளை கெவின் ஓ'ஹிக்கின்ஸ். ஒரு பக்கம் டி வலேரா, பின்னாளில் அந்த நாட்டின் பிரதமரும் குடியரசுத் தலைவரும் ஆனவர். மறுபக்கம் மாப்பிள்ளைத் தோழன், ரோரி ஓ'கானர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஒன்றாக நின்ற மூன்று பேர்.

மறு வருடம் டிசம்பர் 8ஆம் தேதி காலையில் ஓ'கானரைச் சிறைக்குள் நிற்கவைத்துச் சுட்டார்கள். அதற்குச் சம்மதம் கொடுத்த அமைச்சர்களில் ஓ'ஹிக்கின்ஸும் ஒருவர். கல்யாணம் முடிந்து பதினான்கு மாதம்கூட ஆகவில்லை.

இது எப்படி நடந்தது? 1921 டிசம்பரில் பிரிட்டனுடன் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. சுயாட்சி உண்டு; ஆனால் முழுக் குடியரசு இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்கள் மன்னர் பெயரும் வருகிற உறுதிமொழி எடுக்க வேண்டும். கிடைத்ததை வாங்கிக்கொண்டு மேலே போவோம் என்றார்கள் ஒரு சாரார். இதற்காகவா இத்தனை பேர் செத்தார்கள் என்றார்கள் இன்னொரு சாரார். 64க்கு 57 என்ற வாக்கில் ஒப்பந்தம் நிறைவேறியது. ஏழே வாக்கு. ஆதரித்தவர்கள் அரசு அமைத்தார்கள்; ஓ'ஹிக்கின்ஸ் அந்தப் பக்கம், ஓ'கானர் எதிர்த்தவர்கள் பக்கம். 1922 ஜூன் கடைசியில் டப்ளினில் பீரங்கி வெடித்தது, நேற்றுவரை ஒன்றாக ஒளிந்து திரிந்தவர்களுக்கு இடையில்.

தெற்கே கார்க் மாவட்டத்தில் ஹேல்ஸ் என்று ஒரு விவசாயக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் விடுதலைப் போரில் இருந்தவர்கள். அவர்களில் டாம் 1920இல் பிரிட்டிஷ் ராணுவத்திடம் சிக்கி, கொடுமையாகச் சித்திரவதைப்பட்டவர். அப்படிப்பட்டவர் ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. அவருடன் பிறந்த ஷான் நாடாளுமன்ற உறுப்பினர். ஒப்பந்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தார், அரசுப் படையில் அதிகாரியும் ஆனார். சொத்துத் தகராறோ வரப்புச் சண்டையோ அவர்களுக்குள் இல்லை. இரண்டு பேருக்கும் நாடுதான் முக்கியம். அதனால்தான் யாராலும் சமாதானம் பேச முடியவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பங்காளிச் சண்டை என்றால் ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து நிலத்தைப் பிரித்துக் கொடுத்துவிடலாம். மனச்சாட்சியை எப்படிப் பிரிப்பது?

1922 ஆகஸ்ட் 22. அரசுப் படையின் தலைவர் மைக்கேல் காலின்ஸ் தன் சொந்த மாவட்டமான கார்க்கில் பயணம் செய்துகொண்டிருந்தார். ஹேல்ஸ் சகோதரர்கள் இருவரும் அவருக்கு வேண்டியவர்கள். அன்று பேன்டன் என்ற ஊரில் ஷானைச் சந்தித்துவிட்டுக் கிளம்பினார். சில மைல் தள்ளி, பேல் ந ப்ளா என்ற இடத்தில் அவர் வண்டிக்காகப் பதுங்கியிருந்தவர்களில் டாமும் இருந்தார். வெகுநேரம் வண்டி வராததால் பெரும்பாலானவர்கள் கலைந்துவிட்டார்கள். பொழுது சாயும் நேரத்தில் வண்டிகள் வந்தன. மிச்சம் இருந்தவர்கள் சுட்டார்கள். காலின்ஸ் இறந்தார். அவருக்கு வயது 31.

அதே ஆண்டு டிசம்பர் 7ஆம் தேதி, டப்ளினில் பட்டப்பகலில் ஷான் ஹேல்ஸைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் டாம் இருந்த தரப்பு. அதற்குப் பதிலடியாகத்தான் மறுநாள் காலை மவுன்ட்ஜாய் சிறையில் நான்கு கைதிகளை அரசு கொன்றது. ஓ'கானர் அந்த நால்வரில் ஒருவர். நால்வரும் பல மாதங்களாகச் சிறையில் இருந்தவர்கள். ஷானின் கொலையில் அவர்கள் கை இருந்திருக்க வழியே இல்லை. விசாரணையும் கிடையாது.

ஆக, டாம் ஹேல்ஸுக்கு என்ன மிஞ்சியது பாருங்கள். கூடப்பிறந்தவனைக் கொன்றது தன் தரப்பு. கூடப்பிறந்தவனின் பெயரைச் சொல்லி எதிர்த் தரப்பு கொன்றது தன் தோழர்களை. அவர் யாரிடம் போய் அழுவார்?

ஓ'ஹிக்கின்ஸையும் என்னால் ஒரேயடியாக அரக்கன் என்று ஒதுக்க முடியவில்லை. அமைச்சரவையில் அவர் உடனே தலையாட்டவில்லை என்கிறார்கள். அன்று நாடாளுமன்றத்தில், தனிப்பட்ட வன்மத்தால் செய்தது என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது, அவர்களில் ஒருவர் என் நண்பர் என்று சொல்லி, மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். அந்தத் துக்கம் உண்மையானது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் செய்தது தவறு. அழுதுகொண்டே செய்தாலும் தவறுதான்.

இரண்டே மாதத்தில், 1923 பிப்ரவரியில், அவருடைய அப்பாவை வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். அவர் ஒரு மருத்துவர். அந்த மே மாதம் போர் ஓய்ந்தது. அதற்குள் அரசு நிறைவேற்றிய மரண தண்டனைகள் எழுபதைத் தாண்டியிருந்தன. போர் ஓய்ந்ததே தவிர, பகை ஓயவில்லை. 1927 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்கு நடந்துபோன ஓ'ஹிக்கின்ஸை மூன்று பேர் வழிமறித்துச் சுட்டார்கள். உடனே உயிர் போகவில்லை. சில மணி நேரம் கிடந்தார். சுட்டவர்களை மன்னித்துவிட்டேன் என்று அந்த நேரத்தில் சொன்னதாக அவர் குடும்பம் சொல்லிவந்தது.

அப்போது அவர் மகள் ஊனா கைக்குழந்தை. அப்பாவின் முகம் புகைப்படத்தில்தான் தெரியும். வளர்ந்தபின் அயர்லாந்தில் சமாதானத்துக்காக உழைத்தவர்களில் ஒருவரானார். 1987இல், அப்பா இறந்து அறுபது ஆண்டு ஆனபோது, அவருக்காக ஒரு திருப்பலிக்கு ஏற்பாடு செய்தார். அப்பாவுக்காக மட்டும் அல்ல. அப்பாவைக் கொன்ற அந்த மூன்று பேருக்காகவும் சேர்த்து.

வணக்கம்.