கைமேராவைக் கொன்ற பெருமை பெகாசஸுக்கே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிரேக்கப் புராணத்தின் கொடிய விலங்கான கைமேராவை வீழ்த்தியது வீரன் பெல்லரோபோனின் வீரமா, அவன் ஏறி வந்த பெகாசஸா என்பது இன்றைய கேள்வி. நான் அந்தச் சிறகுக் குதிரையின் பக்கம்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே ஹோமரின் காவியமான இலியத்தின் ஆறாம் காண்டத்தைக் காட்டினார். கைமேரா வதம் அதில் இருக்கிறது, குதிரையின் பேரே இல்லை என்றார். உண்மைதான். ஆனால் எப்படிக் கொன்றான் என்று ஹோமர் சொன்னாரா? தேவர்களின் குறிகளை நம்பிக் கொன்றான் என்பதோடு முடித்துவிட்டார். கைமேராவோ முன்னே சிங்கம், நடுவே ஆடு, பின்னே பாம்பு, மூச்சோ நெருப்பு. தரையில் நின்று எந்தப் பக்கம் நெருங்குவது? கி.மு. 464-இன் ஒலிம்பிய வெற்றிக்குப் பாடிய கிரேக்கக் கவிஞர் பிண்டார், குளிர்ந்த வெறுவானிலிருந்து தாக்கினான் என்கிறார். அந்த உயரம் யார் கொடுத்தது?

பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியோதின் ஒரே வரி போதும். கிரேக்க மூலத்தில் ‘பெகாசஸ் கொன்றது’ என்று ஒருமை வினை முதலில் வந்துவிடுகிறது. ‘வீரன் பெல்லரோபோனும்’ என்பது அதன் பிறகுதான் வந்து சேர்கிறது.

சவாரி தெரிந்தவர்கள் இதைக் கவனியுங்கள். அக்காலக் கிரேக்கருக்கு அங்கவடி கிடையாது. வெறும் முதுகு, மிஞ்சினால் ஒரு துணிவிரிப்பு. நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காராதே, கால் அகட்டி நிற்பதுபோல் தொடையால் பற்றிக்கொள், அப்போதுதான் ஈட்டி வேகமாகப் போகும் என்று கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் குதிரையேற்ற நூலில் கற்றுக்கொடுக்கிறார். ஆக, எறிபவனுக்குத் தரையே குதிரையின் முதுகுதான். எறியும் நொடியில் அது அரை அடி விலகினால் குறி தவறும், ஆளும் சரிவான். நெருப்புக்கு நேரே பெகாசஸ் விலகவில்லை!

கடிவாளம் மாட்டியது மனிதன்தானே என்றார்கள். ஐயா, ஊற்றருகே குதிரையைப் பிடிக்கப் போய் அவன் பட்ட பாடு கொஞ்சமா? குறிசொல்லும் பொலியிதோஸ் சொற்படி அதீனா தேவியின் பலிபீடத்தில் படுத்தான். விழித்தபோது பக்கத்தில் பொற்கடிவாளம். கடல்தேவன் பொசைடனுக்கு வெள்ளைக் காளை பலி, அதீனாவுக்குப் புதுப் பலிபீடம், அதன் பிறகே குதிரையின் தாடையில் ஏறியது. அதைப் பிண்டார் ‘சாந்தப்படுத்தும் மருந்து’ என்கிறார். மருந்து அதீனா தந்தது. அதில் இவன் வீரம் எங்கே?

கொரிந்து நகரத்தாரைக் கேளுங்கள். சுமார் 8.6 கிராம் எடையுள்ள அவர்களின் ஸ்டேட்டர் என்ற வெள்ளிக் காசில் ஒரு பக்கம் அதீனா, மறு பக்கம் பெகாசஸ். முதுகில் ஆள் இல்லை. அந்தக் காசுக்கு மக்கள் வைத்த பேரே ‘குதிரைக்குட்டி’.

பிறகு பெல்லரோபோன் தேவர்களின் தலைவன் ஜீயசின் மாளிகைக்கே பறக்கத் துணிந்தான். பெகாசஸ் உதறித் தள்ளியது. குதிரைக்குத் தேவர்கள் வாழும் ஒலிம்பஸின் தொட்டியில் தீவனம் கிடைத்தது. குதிரை இல்லாத வீரனோ அலெயன் சமவெளியில், மனிதத் தடம் படாத வழி தேடி, தன் மனதையே தின்றுகொண்டு தனியே அலைந்தான். இந்தத் தனி அலைச்சலைச் சொன்னது, எதிரணி சாட்சிக்கு அழைத்த அதே ஆறாம் காண்டம்தான், நடுவர் அவர்களே.