பக்கவாதம்: ஊருக்குள் போய்ப் பேசும் டாக்டருக்கு என்ன பயிற்சி வேண்டும்?

[திரையில்: மண்டபம், பேனர், மைக். 'அக்டோபர் 29, உலக பக்கவாத தினம்']

ஒவ்வொரு அக்டோபர் 29க்கும் பல ஊர்களில் பக்கவாத விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கிறது. டாக்டர் மைக்கைப் பிடித்து மூளையின் ரத்தக்குழாய்கள், அடைப்பு வகை, கசிவு வகை, கொலஸ்ட்ரால், சர்க்கரை என்று விளக்குகிறார். சொல்வதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு வேண்டியது வேறு. நாளைக்குக் காலையில் அவர் வீட்டுக்காரர் கையிலிருந்து காபி டம்ளர் நழுவி, வாயும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டால், அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வது? அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் வீடு திரும்ப வேண்டும்.

எம்.பி.பி.எஸ். படிப்பில் டாக்டர் பதில் சொல்லிப் பழகுவது தேர்வாளர் முன்னால். ஊர் மக்கள் முன்னால் பேசுவது வேறொரு திறமை, அதையும் பயிற்சி கொடுத்துத்தான் வளர்க்க வேண்டும். பக்கவாதத்தில் இது ஏன் இவ்வளவு அவசரம் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

[திரையில்: ரத்தக்குழாய்க்குள் கட்டி அடைப்பது, கடிகாரம் ஓடுவது]

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. இது 2006இல் வெளியான கணக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2008இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அந்த எல்லையை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய குழாய் அடைப்பு என்றால், உள்ளே கருவியைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் முறையும் 2015க்குப் பிறகு நிலைபெற்றுவிட்டது. சோதித்துத் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது.

நாலரை மணி நேரம் தாராளம் என்று தோன்றலாம். ஆனால் ஊசிக்கு முன்னால் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு இருப்பவருக்கு அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. வெளியிலிருந்து பார்த்து இது அடைப்பா, கசிவா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குடும்பத்தாரிடம் பேசுவது எல்லாம் இந்த நேரத்துக்குள்தான் அடங்க வேண்டும். ஆனால் நேரம் பெரும்பாலும் கரைவது ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே, வீட்டில்.

காரணம், நெஞ்சுவலி போல இது வலித்து ஆளைத் துரத்துவதில்லை. பக்கவாதத்தில் பெரும்பாலும் வலி கிடையாது. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குத் தன் இடது கை வேலை செய்யவில்லை என்பதே தெரியாது. "எனக்கு ஒண்ணுமில்ல, கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று அவர் சொன்னால் வீட்டாரும் நம்பிவிடுகிறார்கள். பயிற்சியில் டாக்டர் மனதில் பதிய வேண்டிய முதல் விஷயம் இதுதான்: பக்கவாதம் வரக்கூடியவரை விட, அவர் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். மனைவி, மருமகள், பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டும் அண்ணன், பேரப்பிள்ளைகள். போன் செய்யப் போவது அவர்கள்தான்.

[திரையில்: பள்ளி வகுப்பறை]

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இதைச் செய்து காட்டியவர் ஒலாஜிடே வில்லியம்ஸ் என்ற நரம்பியல் டாக்டர். அவர் நேராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார். நாலாம், ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஹிப் ஹாப் பாட்டும் கார்ட்டூனும் வைத்து அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்தார். 'ஹிப் ஹாப் ஸ்ட்ரோக்' என்று பெயர். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், நான்கு பிள்ளைகள் நிஜமான அறிகுறியைப் பார்த்து அவசர எண்ணுக்குப் போன் செய்திருந்தார்கள். அதில் ஒரு பிள்ளை, "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று பெற்றோர் சொன்னதையும் மீறிப் போன் செய்தது. அந்தத் துணிவைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க முடியும் என்றால், நம் ஊர்ப் பெரியவர்களுக்கும் கொடுக்க முடியும்.

நம் நாட்டில் தடை எங்கே இருக்கிறது? லூதியானாவில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்டவர்களில் 45 சதவீதம் பேருக்குப் பக்கவாதத்தில் பாதிக்கப்படுவது மூளை என்றே தெரியவில்லை. விழுவது கையும் காலும், அதனால் மக்கள் கையையும் காலையும் தேய்க்கிறார்கள். எண்ணெய் தடவுகிறார்கள், சில ஊர்களில் புறா ரத்தம் தடவுகிறார்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி இன்றும் சுற்றுகிறது. கூட்டத்தில் யாராவது இதைக் கேட்டால் டாக்டர் சிரித்துவிடக் கூடாது. கேட்டவர் ஒருமுறை வெட்கப்பட்டுவிட்டால், அடுத்த தடவை அவசரத்தில்கூட டாக்டரிடம் வாய் திறக்க மாட்டார். "கோளாறு மூளையில இருக்குதும்மா, கையைத் தேய்ச்சா அங்க போய்ச் சேராது" என்று சொன்னால் போதும். பயிற்சியில் ஒருவர் ஊர்க்காரராக நடித்து இப்படிக் கேள்வி கேட்க, மற்றவர் பதில் சொல்லிப் பழக வேண்டும்.

[திரையில்: ஒருவர் நடித்துக் காட்ட, மற்றவர்கள் செய்து பார்க்கிறார்கள்]

அறிகுறிகளைச் சொன்னால் போதாது, செய்து காட்டி, வந்தவர்களையும் செய்ய வைக்க வேண்டும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டி, பத்து விநாடி அப்படியே வைத்திருக்கச் சொல்லுங்கள், ஒரு கை தானாக இறங்குகிறதா? பிறகு பேச்சு. இதில் டாக்டர்களே தவறவிடும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லாதீர்கள். வாயில் பழகிப்போன வரிசை, பேச்சு பாதித்தவருக்கும் சில நேரம் தடங்கலில்லாமல் வந்துவிடும். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். வார்த்தை தேடித் தவித்தாலோ, குழறினாலோ அங்கேயே தெரிந்துவிடும். திடீரென்று பார்வை மறைவதும் நடை தள்ளாடுவதும்கூட அறிகுறிதான்.

ஏதாவது ஒன்று தெரிந்தாலும் 108. வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றக் கூடாது, விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் மாத்திரையும் கொடுக்கக் கூடாது, கசிவாக இருந்தால் கேடு. கடைசியாக அவர் எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு, அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால், ஊசி போடலாமா என்பதே மாறிவிடும்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும் என்பதை டாக்டர் அழுத்திச் சொல்ல வேண்டும். அப்படி வந்து மறையும் சிறு பக்கவாதத்துக்கு அடுத்த சில நாட்களில்தான் பெரியது வரும் ஆபத்து அதிகம். "பிரஷர் இப்ப நார்மல்" என்று மாத்திரையை நிறுத்தியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். பேச்சு முடிந்ததும் அங்கேயே ரத்த அழுத்தம் பார்த்து அனுப்புவது நல்லது.

[திரையில்: மாவட்ட வரைபடம், ஆம்புலன்ஸ்]

இவ்வளவும் சொல்லிவிட்டு, "எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும் டாக்டர்?" என்று ஒருவர் கேட்கும்போது விழித்தால் எல்லாம் வீண். ராத்திரி இரண்டு மணிக்கு சி.டி. எடுப்பது எங்கே, கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது எங்கே என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் மேடை ஏற வேண்டும். பக்கத்தில் நரம்பியல் டாக்டர் இல்லை என்பதால் கையை விரிக்க வேண்டியதில்லை. இமாசலப் பிரதேசத்தில் 2014இல் தொடங்கிய திட்டத்தில் மாவட்ட மருத்துவமனை டாக்டர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஸ்கேனை செல்போனில் அனுப்பி, நரம்பியல் டாக்டரிடம் கலந்து பேசி, அங்கேயே ஊசி போட்டார்கள்.

உங்கள் பேச்சு பலித்ததா என்று பார்க்கக் கைதட்டலை எண்ண வேண்டாம். கேசுவாலிட்டி பதிவேட்டில் இரண்டு நேரங்களை எழுதச் சொல்லுங்கள்: அறிகுறி தொடங்கியது எப்போது, வாசலுக்கு வந்தது எப்போது. கூட்டிவந்தவரிடம், "இது பக்கவாதம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டு அந்தப் பதிலையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து, நீங்கள் பேசிய ஊர்களிலிருந்து வந்தவர்களின் வரிசையைத் தனியாகப் பிரித்துப் படியுங்கள். அடுத்த கூட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்று அதிலிருந்தே தெரியும்.