ஹெல்மெட்டுக்குள்ள போனை சொருகி பேசுனா தப்பா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் வணக்கம். திருமங்கலத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. "அண்ணே, தெனமும் மதுரை மாட்டுத்தாவணி வரைக்கும் பைக்லதான் வேலைக்குப் போறேன், போனை கைல எடுக்குறதே இல்ல, ஹெல்மெட்டுக்குள்ள சொருகிக்கிருவேன், இல்லாட்டி ப்ளூடூத், ரெண்டு கையும் ஹேண்டில்பார்லதான இருக்கு, இதுல என்ன ஆபத்து?"ன்னு.

தம்பி, கையி ஃப்ரீயாத்தான் இருக்கும், கண்ணும் ரோட்டத்தான் பாக்கும், ஆனா பாத்தது மண்டையில ஏறாது. எனக்கே நடந்துச்சு, டிரைவிங் சொல்லிக் குடுக்குற ஆளுக்கே. ஒரு ஞாயித்துக்கிழமை மாட்டுத்தாவணில இருந்து ரிங் ரோட்டுல கார்ல வந்துக்கிருந்தேன், வீட்டுக்காரம்மா போன், கார்லயே ப்ளூடூத் இருக்கு எடுத்துட்டேன், மட்டன் அரைக் கிலோ போதுமா முக்கா கிலோவா, குடல் வாங்கவா, அக்கா வீட்டுல இருந்து எத்தன பேரு வர்றாக, இம்புட்டுதான் பேச்சு. கட் பண்ணிட்டுப் பாத்தா மண்டேலா நகர் வந்துருச்சு. விரகனூர் ரவுண்டானாவ எப்ப தாண்டுனேன், லாரி ஏதும் குறுக்க வந்துச்சா, பிரேக் போட்டேனா, சத்தியமா ஒண்ணும் ஞாபகம் இல்ல. குடல் ஒரு செட் வாங்கிருன்னு சொன்னது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு!

அப்ப பின்னாடி உக்காந்திருக்கிற ஆளுகூட பேசுறதும் தப்பான்னு கேப்பீக. அந்தாளுக்கும் ரோடு தெரியுதுல்ல, எதுக்க பஸ்ஸு வந்தா அவரே வாய மூடிருவாரு, "ஏய் பாத்து பாத்து"ம்பாரு. போன்ல இருக்கவருக்கு நீங்க காளவாசல் நெரிசல்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறது எப்படித் தெரியும், அவரு பாட்டுக்கு பேசிக்கிட்டேதான் இருப்பாரு. வண்டி ஓட்டிக்கிட்டே போன் பேசுனா ஆக்சிடென்ட் ஆக சுமாரா 4 மடங்கு வாய்ப்பு ஜாஸ்தின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ப்ளூடூத்துல பேசுறதும் பெருசா பாதுகாப்பு இல்லைன்னும் அவுகளே சொல்றாக.

அப்புறம் இந்த ஹெல்மெட் சொருகல். போன் உள்ள போறதுக்காக நாடாவ லூசா விடுறது, இல்லாட்டி மாட்டுறதே இல்ல. கீழ விழுந்தா ஹெல்மெட் ஒரு பக்கம் தலை ஒரு பக்கம். கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவுல ஒரு கண்ணாடிப் பலகைய வச்சுக்கிட்டு விழுறீக, யோசிச்சுப் பாருங்க. போன் நழுவுனா ஒரு கை தானா மேல போகும், அப்ப கிளட்ச்ச யாரு புடிப்பா?

மெசேஜ் பாக்குறது இன்னும் மோசம். 40 கிலோமீட்டர் ஸ்பீடுன்னா ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் ஓடுது வண்டி. யாரு அனுப்புனதுன்னு குனிஞ்சு பாக்க மூணு செகண்டுன்னு வைங்க, 33 மீட்டர், கிட்டத்தட்ட மூணு பஸ்ஸு நீளத்துக்கு கண்ண மூடிக்கிட்டுப் போனதுக்குச் சமம்.

சட்டம் கேக்குறவுகளுக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 184ஆவது பிரிவு. கைல போனை வச்சுக்கிட்டு ஓட்டுறத 2019 திருத்தத்துல அபாயகரமா ஓட்டுறதுல சேத்துட்டாய்ங்க. நம்ம தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்ல இருந்து மொத தடவை 1,000 ரூவா, மறுபடி மாட்டுனா 10,000. கைலன்னுதான சட்டத்துல இருக்கு, நான் ஹெல்மெட்லதான வச்சிருக்கேன்னு வக்கீல் மாதிரி பேசாதீக, லாரிக்காரன் பிரிவு பாத்துக்கிட்டா வருவான்?

மேப் பாக்கலாம், அதுக்கு ரூல்ல இடம் இருக்கு, கவனம் சிதறாம பாக்கணும்ங்குறாக. ஸ்டாண்டுல மாட்டி, கெளம்புறதுக்கு முன்னாடியே ஊரைப் போட்டு, சவுண்ட மட்டும் கேளுங்க. அவசர போன்னா இண்டிகேட்டர் போட்டு எடதுபக்கம் நல்லா ஓரங்கட்டிப் பேசுங்க, ஆனா நத்தம் ரோடு பாலத்து மேல நிப்பாட்டிராதீக, அது அதவிட வில்லங்கம். எங்க வீட்டுல இப்ப ஒரு தடவை அடிச்சு நான் எடுக்கலைன்னா ஓட்டிக்கிட்டு இருக்காருன்னு விட்டுருவாக. கறி எத்தன கிலோன்னு முந்துன நாளே பேசிருறோம்.

சரி, அடுத்து ஒரு தங்கச்சி ஸ்கூட்டில 8 போடுறப்ப கால் ஊனிருதுன்னு கேட்டிருக்கு...