20 மாசக் குழந்தையோட டர்பன்லேர்ந்து கப்பல் பயணம் போகலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்துக்கப் போறேன். கொஞ்சம் விவரமா சொல்ல வேண்டிய கேள்வி.

இங்க தென்னாப்பிரிக்காவுலயே, ஜோகன்னஸ்பர்க்லேர்ந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. "அக்கா, மூத்தவனுக்கு நாலு வயசு, சின்னவளுக்கு 20 மாசம். டிசம்பர்ல டர்பன்லேர்ந்து கிளம்பி மொசாம்பிக் பக்கம் போயிட்டு வர்ற நாலு ராத்திரி கப்பல் பயணம் போகலாம்னு ஆசை. வீட்டுக்காரருக்கு லீவு இல்ல. நானும் மாமியாரும்தான் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகணும். பால்கனி ரூம் எடுக்கலாமா? கிட்ஸ் கிளப்ல விட்டுட்டா நாங்க கொஞ்சம் உட்கார முடியுமா? இல்ல, பிள்ளைங்க வளர்ந்தப்புறம் போறதுதான் நல்லதா?"

போங்கம்மா. தாராளமாப் போங்க. ஆனா திட்டம் போடும்போது கப்பல்ல என்னென்ன இருக்குன்னு பார்த்துப் போடாதீங்க. சின்னவ மத்தியானம் எத்தனை மணிக்குத் தூங்குவாள்னு பார்த்துப் போடுங்க. நான் இங்க டர்பன்ல கிரீச்ல வேலை பார்க்கிறவ. மத்தியானத் தூக்கம் தவறின ஒன்றரை வயசுக் குழந்தை சாயந்திரம் என்ன பாடுபடும்னு தினமும் பார்க்கிறேன். அது அடம் இல்ல, அதுக்கு உடம்பு தாங்கல. இது தெரிஞ்சும் நாங்க முதல் தடவை கப்பல்ல போனப்போ அதை மறந்துட்டோம். ரெண்டாவது தடவை சரியாப் பண்ணினோம். அந்த வித்தியாசத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன்.

முதல்ல பேப்பர் விஷயம், ஏன்னா உங்க வீட்டுக்காரர் வரலை. கப்பல் மொசாம்பிக் போயிட்டு வந்தா நீங்க நாட்டை விட்டு வெளிய போயிட்டு வர்றதா அர்த்தம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி பாஸ்போர்ட் வேணும். அம்மா அப்பா ரெண்டு பேர் விவரமும் இருக்கிற முழு பர்த் சர்ட்டிபிகேட் கையில வச்சுக்குங்க. வராத அப்பா சம்மதம் கொடுத்து ஒரு அஃபிடவிட் எழுதி, போலீஸ் ஸ்டேஷன்ல கையெழுத்து போட்டு முத்திரை வாங்கித் தரணும். காசு கிடையாது. பயணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னாடி புதுசா வாங்கிக்குங்க, அவரோட பாஸ்போர்ட் நகலும் சேர்த்து வைங்க. நீங்க இந்திய பாஸ்போர்ட்ல, வொர்க் விசாவுல இங்க இருக்கிறவங்கன்னா புக் பண்றதுக்கு முன்னாடியே கப்பல் கம்பெனிகிட்ட ரெண்டு கேள்வி கேட்டுடுங்க: மொசாம்பிக்குக்கு எங்களுக்கு விசா வேணுமா, எங்க விசாவுல திரும்ப இந்த நாட்டுக்குள்ள வர முடியுமா? மாமியார் விசிட் விசாவுல வந்திருந்தா அவங்களுக்குத் தனியா கேளுங்க. ஒரு தடவை நுழையறதுக்கு மட்டும்னு விசா இருந்தா, கப்பல் ஏறினதும் அது முடிஞ்சுபோகும்.

இன்னொண்ணு, கைக்குழந்தைதானே, கணக்குல வராதுன்னு நினைச்சுடாதீங்க. மடியில இருக்கிற குழந்தையும் ஒரு ஆள்தான். கேபின்லயும் கணக்கு, உயிர்காப்புப் படகுலயும் கணக்கு. பெரும்பாலான கம்பெனிகள் ஆறு மாசத்துக்குக் கீழ ஏத்திக்க மாட்டாங்க. தொடர்ச்சியா பல நாள் கரையே இல்லாத நீளப் பயணம்னா ஒரு வயசு ஆகியிருக்கணும்பாங்க. உங்க பொண்ணுக்கு 20 மாசம், அதனால பிரச்சினை இல்ல.

சரி, கேபின். பால்கனி கேட்டிருக்கீங்க. என் அபிப்பிராயம், இந்த வயசுக்கு பால்கனி வேண்டாம். கம்பி வலுவாத்தான் இருக்கும், கதவுத் தாழ்ப்பாளும் உசரத்துலதான் இருக்கும். ஆனா அங்க ஒரு நாற்காலி கிடக்கும். நாலு வயசுப் பையனுக்கு நாற்காலின்னா ஏணி. நீங்க சின்னவளுக்கு நாப்பி மாத்துற அந்த ரெண்டு நிமிஷம் போதும். நாலு ராத்திரி முழுக்க அந்தப் பயத்தோட இருக்கிறதுக்கா காசு கொடுக்கிறோம்? அதுக்குப் பதிலா கப்பலோட நடுப்பகுதியில, கீழ் டெக்ல எடுங்க. அங்கதான் ஆட்டம் குறைச்சல். நீச்சல் குளத்துக்கு நேர் கீழ எடுக்காதீங்க, விடியக்காலையிலேயே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கும். தியேட்டர் பக்கமும் வேண்டாம். டெக் பிளானை வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் என்ன இருக்குன்னு பார்த்து நம்பரைத் தேர்ந்தெடுங்க. ஜன்னலே இல்லாத உள் கேபின் கும்மிருட்டா இருக்கும், குழந்தை நல்லாத் தூங்கும். சின்னதா ஒரு நைட் லாம்ப் மட்டும் கொண்டு போயிடுங்க.

தொட்டில் கட்டில் வேணும்னு புக் பண்ணும்போதே எழுதி வாங்கிடுங்க. அதை விரிச்சா நடக்கவே இடம் இருக்காது, அதனால பிராம், அதாவது தள்ளுவண்டி, மெல்லிசா மடக்குறதா இருக்கட்டும். குளிக்க ஷவர் மட்டும்தான் இருக்கும். காத்தடிக்கிற சின்னத் தொட்டி ஒண்ணு கொண்டு போனா அவளைக் குளிப்பாட்டவும் ஆச்சு, விளையாட விடவும் ஆச்சு. கெட்டில் கொண்டு போகாதீங்க, தீ ஆபத்துன்னு வாங்கி வச்சுக்குவாங்க. வெந்நீர் கேட்டா கொடுப்பாங்க. பால் பாட்டிலைக் கிருமி போகச் சுத்தம் பண்ண, குளிர்ந்த தண்ணியில போடற மில்டன் மாத்திரை போதும்.

இப்ப கிட்ஸ் கிளப். இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. பெரும்பாலான கப்பல்ல மூணு வயசு முடிஞ்சிருக்கணும், நாப்பி இல்லாம இருக்கணும். உங்க மூத்தவன் போகலாம். சின்னவளைப் பெரும்பாலும் தனியா விட முடியாது. சில கப்பல்ல குட்டிப் பிள்ளைங்களுக்கு ஒரு அறை இருக்கும், ஆனா பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்திருக்கணும். அதனால, சின்னவ தூங்குற நேரத்துல மூத்தவன் கிளப்ல இருக்கிற மாதிரி பார்த்துக்குங்க. நீங்க உட்கார முடியுற நேரம் அதுதான். ஒரு நாள் நீங்க, ஒரு நாள் மாமியார். அவங்களுக்கும் கடலைப் பார்த்துக்கிட்டு ஒரு டீ குடிக்கணும்னு ஆசை இருக்கும். நாலு நாளும் குழந்தை பார்க்கிற வேலையை அவங்க தலையில கட்டிடாதீங்க.

நீச்சல் குளத்துலயும் இதே கதைதான். நாப்பி போடற குழந்தையைப் பெரிய குளத்துல இறக்க விட மாட்டாங்க. ஸ்விம் நாப்பி போட்டிருந்தாலும் கிடையாது. குழந்தை தண்ணியில ஒரு தடவை அசிங்கம் பண்ணிட்டா குளத்தையே மூடி மருந்து போட்டுச் சுத்தம் பண்ணணும், அதான் காரணம். எங்க முதல் பயணத்துல எங்களுக்கு இது தெரியாது. என் பொண்ணுக்குப் புது நீச்சல் உடுப்பு மாட்டி ஆசையாத் தூக்கிட்டுப் போனோம், ஓரத்துலயே நிறுத்திட்டாங்க. அண்ணன்காரன் உள்ள குதிக்கிறான், இவ வெளியில நின்னு கத்துறா. அன்னைக்கு அவ அழுத அழுகை எனக்கு இன்னும் மறக்கல. நாப்பிக் குழந்தைங்களுக்குன்னே தனியா தண்ணி தெளிக்கிற இடம் இருக்கிற கப்பலும் உண்டு, முன்னாடியே கேட்டுக்குங்க. மூத்தவன் விஷயத்துல இன்னொண்ணு: உயிர்காப்பாளர் இருப்பாருன்னு நம்பாதீங்க. பல கப்பல்ல கிடையாது. அவன் தண்ணியில இருந்தா நீங்க கை எட்டுற தூரத்துல, போன் இல்லாம நிக்கணும்.

ஏறுற அன்னைக்கு என்ன பண்ணணும்? முந்தின நாளே டர்பனுக்கு வந்துடுங்க. என்-3 ரோட்டுல 570 கிலோமீட்டர் பிள்ளைங்களோட காலையில ஓட்டிட்டு வந்து, வான் ரீனன்ஸ் கணவாயில பனிமூட்டம், டிசம்பர் நெரிசல்னு மாட்டி, அப்புறம் கப்பலேறுற வரிசையில நிக்க முடியாது. டெர்மினல்ல பெட்டியைக் கொடுத்துட்டீங்கன்னா அது கேபின் வாசலுக்கு வர்றதுக்குப் பல மணி நேரம் ஆகும். எங்களுக்கு அஞ்சு மணி நேரம் ஆச்சு, நாப்பி பூரா அந்தப் பெட்டியில. அதனால ஒரு நாளைக்கு வேண்டிய நாப்பி, மாத்து உடுப்பு, மருந்து, பால் பவுடர், அவ கட்டிப் பிடிச்சுத் தூங்குற துணி எல்லாத்தையும் தோள் பைல வச்சுக்குங்க. நாலு நாளைக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, கூட ஒரு பாக்கெட் எடுங்க. கப்பல் கடையில உங்க சைஸ் கிடைக்கும்னு எதிர்பார்க்க முடியாது.

கிளம்புறதுக்கு முன்னாடி மஸ்டர் டிரில் இருக்கும். ஆபத்து வந்தா எங்க கூடணும்னு சொல்லித் தருவாங்க. குழந்தை தூங்குதுன்னு அதைத் தவிர்க்காதீங்க, நான் தூக்கத்தை விட்டுக்கொடுக்கச் சொல்ற ஒரே இடம் இதுதான். 2012ல இத்தாலியில கோஸ்டா கொன்கோர்டியா கவிழ்ந்தப்போ, அன்னைக்கு ஏறின நூத்துக்கணக்கான பேருக்கு இன்னும் பயிற்சியே நடக்கலை. அதுக்கப்புறம்தான் கிளம்புறதுக்கு முன்னாடியோ கிளம்பின உடனேயோ நடத்தியாகணும்னு விதியை மாத்தினாங்க. கேபின் அலமாரியில பெரியவங்க லைஃப் ஜாக்கெட் மட்டும்தான் இருக்கும். சின்னவளுக்குக் கைக்குழந்தை சைஸ், மூத்தவனுக்குப் பிள்ளைங்க சைஸ், ரெண்டையும் ஏறின அன்னைக்கே கேட்டு வாங்கி, மாட்டிப் பாருங்க.

அது முடிஞ்சதும் பிள்ளைங்களை மேல் டெக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு பக்கம் பிளஃப் குன்று, ஒரு பக்கம் பாயிண்ட் கடற்கரை, நடுவுல அந்தக் குறுகல் வாய் வழியா கப்பல் வெளிய போகும். பையர்ல நிக்கிற ஜனங்க கையசைப்பாங்க, உங்க பையனும் அசைப்பான். எங்க மாமியார் அந்த இடத்துல பேசாம நின்னுட்டாங்க. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கூட்டிட்டு மெட்ராஸ்லேர்ந்து ட்ரூரோங்கிற முதல் கப்பல் 342 பேரோட 1860 நவம்பர் 16ஆம் தேதி வந்து சேர்ந்தது இந்தத் துறைமுகத்துக்குத்தான். அதுக்கப்புறம் வந்த ஒரு கப்பல்லதான் அவங்க பாட்டியோட அம்மா, இடுப்புல ஒரு குழந்தையோட, கரும்புக் காட்டுக்கு வந்து இறங்கினாங்களாம். என் பையனுக்கு அதை அப்பதான் முதல் தடவையா சொன்னாங்க. நாலு வயசுல என்ன புரிஞ்சுதோ, "அந்தப் பாப்பாவுக்குத் தூங்க கட்டில் இருந்துதா ஆயா?"ன்னு கேட்டான்.

வாந்தி மயக்கத்துக்கு வர்றேன். டர்பனுக்கு வெளிய அகுல்ஹாஸ் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுது. தென்மேற்குக் காத்து அதுக்கு எதிரா அடிச்சா அலை செங்குத்தா எழும்பும். ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு இந்த மயக்கம் அபூர்வமாத்தான் வரும், நாலு வயசுக்காரனுக்கு வரலாம். அவனுக்கு "தலை சுத்துது"ன்னு சொல்லத் தெரியாது. முகம் வெளிறும், கொட்டாவி விடுவான், பிடிச்ச சாப்பாட்டையே தள்ளுவான். உடனே வெளிக்காத்துக்குக் கூட்டிட்டுப் போய் தூரத்துல கடலும் வானமும் சேர்ற இடத்தைப் பார்க்க வைங்க. மேரி பிஸ்கட் கொடுங்க. பெரியவங்க மாத்திரையைப் பாதியா உடைச்சுக் கொடுக்காதீங்க, டாக்டர்கிட்ட எடை சொல்லி அவனுக்குன்னு வாங்குங்க. காய்ச்சலுக்கு பனாடோ சிரப், வயித்துப்போக்குக்குத் தண்ணியில கலக்குற ரீஹைட்ராட் ரெண்டும் பைல இருக்கட்டும். வயித்துப்போக்கு வைரஸ் கப்பல்ல வேகமாப் பரவும். வாசல்ல வச்சிருக்கிற ஜெல் நோரோ வைரஸ்கிட்ட சரியா வேலை செய்யாது. சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவினாத்தான் போகும், பஃபேக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். சோறு, தயிர், வாழைப்பழம், உருளைக்கிழங்கு எல்லாம் இருக்கும். டைனிங் ரூம்ல முதல் பந்தி கேளுங்க, ரெண்டாவது பந்தி பிள்ளைங்களுக்கு ரொம்ப லேட். சின்னவளுக்குப் பழகின ப்ரோநியூட்ரோ கஞ்சி மாவு ஒரு டப்பா எடுத்துக்குங்க.

தீவுல நிக்கிற நாள்தான் எல்லாரும் ஆசைப்படற நாள். மொசாம்பிக்ல இருக்கிற போர்ச்சுகீஸ் தீவு மாதிரி இடங்கள்ல துறைமுகம் கிடையாது, சின்னப் படகுல இறங்கிப் போகணும். பிராம் பிரயோஜனப்படாது, முதுகுல கட்டுற பை வேணும். வெயிலும் தாங்காது. நீங்க மூத்தவனை மட்டும் கூட்டிட்டுக் காலையில முதல் படகுல போயிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் திரும்பிடுங்க. சின்னவளும் மாமியாரும் கப்பல்லயே இருக்கட்டும். எல்லாரும் இறங்கிப் போயிட்டதால கப்பல் காலியா, அமைதியா இருக்கும். குழந்தை அந்த நீள வராந்தாவுல இஷ்டத்துக்கு நடந்து போய், தன் நேரத்துக்குத் தூங்கும். எங்க ரெண்டாவது பயணத்துல ரொம்ப நல்லா இருந்த நாள் அதுதான்.

ஆனா மொசாம்பிக் மலேரியா இருக்கிற நாடு, டிசம்பர் மழைக்காலம் வேற. பயணத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே டாக்டரையோ டிராவல் கிளினிக்கையோ பாருங்க. பிள்ளைங்களுக்கு மாத்திரை வேணுமா, எடைக்கு எவ்வளவுன்னு அவங்கதான் சொல்லணும். முழுக்கை உடுப்பு, கொசு மருந்து கட்டாயம். திரும்பி வந்த சில மாசத்துக்குள்ள யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், ஃப்ளூன்னு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட "மொசாம்பிக் போயிட்டு வந்தோம்"னு முதல் வார்த்தையா சொல்லி, அன்னைக்கே மலேரியா டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க.

கடைசியா, இறங்குறதுக்கு முந்தின ராத்திரி பெரிய பெட்டியை வாசல்ல வைக்கச் சொல்வாங்க. அவசரத்துல எல்லாத்தையும் உள்ள போட்டுடுவோம். காலையில போட வேண்டிய ரெண்டு பேர் உடுப்பு, செருப்பு, நாலு நாப்பி, அந்த அஃபிடவிட்டும் பர்த் சர்ட்டிபிகேட்டும், இதையெல்லாம் முதல்ல கட்டில் மேல எடுத்து வச்சுட்டு அப்புறம் பெட்டியை மூடுங்க. டர்பன்ல குடியேற்ற வரிசையில அதைக் கேட்டாலும் கேட்பாங்க.