பில்டர் போடாமல் படத்தை எடிட் பண்ணப் பழகுவது எப்படி?

சரி, அடுத்த கேள்வி. அக்கரைப்பற்றில் இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன்: "அண்ணா, நான் போனில்தான் படம் எடுக்கிறேன். பில்டர் போட்டால் எல்லாப் படமும் ஒரே மாதிரி வருகிறது. நானாக எடிட் பண்ணினால் நிறம் கண்ணில் அடிக்கிறது. கற்பனையோடு எடிட் பண்ணப் பழக எங்கே தொடங்க வேண்டும்? கம்பியூட்டரும் போட்டோஷொப்பும் இருந்தால்தான் முடியுமா?" கூடவே இரண்டு படமும் அனுப்பியிருக்கிறார். ஒன்று, மட்டக்களப்பு கல்லடியில் பின்னேரம் வாவியில் ஒரு தோணி. மற்றது அவருடைய அம்மம்மா, வாசலில் பன்பாயில் இருக்கிறார். காட்டலாம் என்று அனுமதியும் தந்திருக்கிறார், அதனால் திரையில் போடுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கம்பியூட்டர் தேவையில்லை. போனில் ஸ்னாப்சீட் என்ற எடிட் செயலி இலவசம், இன்றைக்கு நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அது போதும். லைட்ரூம் இருந்தால் அதுவும் நல்லது, சில வசதிகளுக்கு மட்டும் காசு கேட்கும். பிறகு கம்பியூட்டர் கிடைத்தால் கிம்ப் இலவசமாகவே இருக்கிறது. செயலியைப் பற்றி இவ்வளவு போதும்.

இப்போது தோணிப் படத்தைப் பாருங்கள். ஒருவர் எழும்பி நின்று வலை வீசுகிறார். பின்னால் வானம், முன்னால் தண்ணீர், இடது பக்கம் கரையில் ஒரு கம்பமும் ஏதோ குப்பையும். தங்கச்சி, நீங்கள் போனை வெளியே எடுத்தது எதைப் பார்த்து? வானத்தையா, வலையையா? நான் நினைக்கிறேன் வலையைத்தான், ஏனென்றால் வலை விரிந்த அந்தக் கணத்தில் சரியாக அமத்தியிருக்கிறீர்கள். எடிட் பண்ண உட்காரும்போது முதல் வேலை இதுதான். எது என்னை நிற்க வைத்தது என்று ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் செயலியைத் திறந்தால் விரல் சும்மா அங்கும் இங்கும் இழுத்துக்கொண்டிருக்கும், கடைசியில் நிறம் கூடித்தான் முடியும்.

பில்டர் போட்டால் ஏன் எல்லாம் ஒரே மாதிரி வருகிறது? வலை வீசுகிறவர் எங்கே நிற்கிறார் என்று பில்டருக்குத் தெரியாது. வானம், தண்ணீர், ஆள், குப்பை எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கைத்தான் போடும். நீங்கள் செய்ய வேண்டியது, படத்தில் இடத்துக்கு இடம் வேறு வேறு வேலை. புதிதாகப் பழகும் ஒருவருக்கு ஒரே ஒரு விஷயம்தான் சொல்லித்தரலாம் என்றால் நான் இதைத்தான் சொல்லித்தருவேன்.

செய்து காட்டுகிறேன். முதலில் தண்ணீரின் கோடு சரிந்து கிடக்கிறது, அதை நிமிர்த்துகிறேன். வாவி சரிந்திருந்தால் பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாமலே மனம் இடறும். பிறகு இடது பக்கத்துக் கம்பத்தையும் குப்பையையும் வெட்டிவிடுகிறேன். வலது பக்கம் கை வைக்கவில்லை, வலை அந்தப் பக்கம்தான் போகிறது, அதற்கு இடம் வேண்டும்.

அடுத்து நிறம். நமக்குச் சூரியன் கடலில் உதித்து மேற்கே வாவிப் பக்கம் விழுகிறது, அதனால் பின்னேர மஞ்சள் முழுவதும் தண்ணீரில்தான் கிடக்கும். ஆனால் போன் அந்த மஞ்சளைப் பிழை என்று நினைத்துக் குறைத்துவிடுகிறது. தானாக வெள்ளையைச் சரிபார்க்கும் வேலையை எல்லாப் போனும் செய்யும். ஒயிட் பேலன்ஸுக்குப் போய் வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டினால், நீங்கள் கண்ணால் பார்த்த பின்னேரம் திரும்பி வருகிறது. கொஞ்சம் போதும். நிறம் கண்ணில் அடிக்கிறது என்று எழுதியிருந்தீர்களே, அது சச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கூட்டுவதால் வருவது. வெப்பத்தைச் சரியாக வைத்தால் சச்சுரேஷனைத் தொட வேண்டிய தேவையே பல நேரம் வராது.

சூரியனைச் சுற்றி ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது பாருங்கள். இதை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. போன் சேமிக்கும் ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை, மொத்தம் 256 படிகள் இருக்கின்றன. மூன்றும் 255ஐத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் ஒரு விவரமும் இல்லை. அதைக் குறைத்தால் சாம்பல் திட்டுத்தான் வரும், மேகம் வராது. அதனால் அடுத்த முறை படம் எடுக்கும்போதே வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுங்கள். இருண்ட இடத்தைப் பிறகு ஓரளவு எழுப்பலாம், அதாவது வெளிச்சமாக்கலாம், கொஞ்சம் புள்ளி புள்ளியாக வரும், அவ்வளவுதான். உங்கள் போனில் ரோ வடிவத்தில், அதாவது கமரா பிடித்ததை ஜேபெக் ஆக்காமல் அப்படியே சேமிக்கும் வடிவத்தில், எடுக்க முடியும் என்றால் இன்னும் நல்லது, அதில் படிகள் பல மடங்கு அதிகம்.

இப்போது முக்கியமான வேலை. ஸ்னாப்சீட்டில் 'செலக்டிவ்' என்று ஒன்று இருக்கிறது. படத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைப் பெருப்பித்து, அந்த இடத்துக்கு மட்டும் வெளிச்சம் கூட்டலாம், குறைக்கலாம். வலைக்குப் பின்னால் இருக்கும் தண்ணீரில் புள்ளி வைத்துக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டுகிறேன். மூலைகளில் புள்ளி வைத்துக் குறைக்கிறேன். கண் பெரும்பாலும் வெளிச்சமான இடத்துக்குத்தான் முதலில் ஓடும். பாருங்கள், இப்போது வலையின் ஒவ்வொரு இழையும் தெரிகிறது. ஆள் கறுப்பாகவே நிற்கிறார், அவரை நான் எழுப்பவில்லை. எழுப்பினால் சட்டையும் சாரமும் தெரியும், ஆனால் வீசும் கையின் உருவம் மங்கிப்போகும். எல்லா இருட்டையும் போக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இது இந்தக் காலத்து வித்தை இல்லை. இருட்டறையில் படம் கழுவியவர்கள் வெளிச்சத்துக்கும் தாளுக்கும் நடுவில் கையை வைத்து இதே வேலையைச் செய்தார்கள். அமெரிக்கரான அன்ஸல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோவில் ஒரு கிராமத்தின் மேல் நிலவு எழுந்ததைப் படம் பிடித்தார். அந்த ஒரே நெகட்டிவைப் பல வருடங்கள் திரும்பத் திரும்ப அச்சிட்டார், பிந்திய அச்சுகளில் வானத்தை மிகவும் கறுப்பாக்கினார். ஆகவே எடிட் பண்ணுவது ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கவலைப்படாதீர்கள். செய்திப் படம் மட்டும் வேறு. அங்கே இருந்ததை நீக்கக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது.

சரி, உங்களுக்கு ஒரு பயிற்சி. இதே தோணிப் படத்தை மூன்று தடவை எடிட் பண்ணுங்கள், ஒவ்வொரு தடவையும் மூலப் படத்தில் இருந்து தொடங்க வேண்டும். முதலாவதில் அமைதியான பின்னேரம். இரண்டாவதில் நாள் முழுக்கக் களைத்த ஒரு மனிதர். மூன்றாவது கறுப்பு வெள்ளை, வலையின் வடிவம் மட்டும். முதலாவதற்கு வெப்பம் கூடும், கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசம், குறையும், தண்ணீருக்கு நிறைய இடம் விடுவீர்கள். இரண்டாவதற்கு நிறம் வற்ற வேண்டும், வானத்தைப் பாதி வெட்டி ஆளை நெருங்குவீர்கள், அவருடைய முதுகு வளைவு பெரிதாகத் தெரியும். மூன்றாவதை நான் சொல்ல மாட்டேன், நீங்களே செய்யுங்கள். நூறு படத்தை ஒவ்வொரு தடவை எடிட் பண்ணுவதைவிட ஒரு படத்தை மூன்று விதமாகச் செய்தால் கெதியாகப் பழகலாம்.

அடுத்து அம்மம்மா. மிக வடிவான படம். ஆனால் முகத்தில் சுருக்கம் அவ்வளவாக இல்லை, தோல் மாவு பூசியது மாதிரி இருக்கிறது. உங்கள் போனில் அழகுபடுத்தும் பகுதி இயங்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். கமரா செட்டிங்கில் போய் அதை நிற்பாட்டுங்கள். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம்முடைய ஆட்களின் முகத்தை வெள்ளையாக்குவது எடிட்டிங் இல்லை. கலியாணப் படங்களில் பொம்பிளையின் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று வருகிறது, பார்க்க மனம் பொறுக்குதில்லை. வெயிலில் உழைத்த தோலுக்கு ஒரு ஆழமான மண்ணிறம் இருக்கிறது. நெற்றியிலும் கன்னத்திலும் ஒளி விழும் இடத்தைக் கொஞ்சம் எழுப்பி, மற்றதை அப்படியே விட்டால் அந்த நிறம் தானாக மின்னும்.

இந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்ப்போம். ஸ்னாப்சீட்டில் கறுப்பு வெள்ளைக்குள் நிற வட்டங்கள் இருக்கும். சிவப்பைத் தொடுகிறேன். தோல் வெளிறுகிறது, அம்மம்மாவின் குங்குமப் பொட்டு கிட்டத்தட்டக் காணாமல் போகிறது. ஏனென்றால் சிவப்பு வடிகட்டி சிவந்த பொருட்களை வெளிச்சமாக்கும். இப்போது பச்சை. பொட்டு கறுத்து நிற்கிறது, தோல் ஆழமாகிறது, இருக்கிற கொஞ்சச் சுருக்கமும் கோடு கோடாக எழும்புகிறது. வெளியில் நீல வானத்தைக் கறுப்பாக்க வேண்டும் என்றால் சிவப்பு நல்லது, இந்த முகத்துக்குப் பச்சை. அழகுபடுத்தல் இல்லாமல் இன்னொரு தடவை எடுத்து இதையே செய்து பாருங்கள், ஆளே எழும்பி வருவார்.

இன்னும் கற்பனையாகப் போக ஆசை என்றால், அந்தப் பன்பாயை மட்டும் கிட்டப் போய் ஒரு படம் எடுங்கள். 'டபுள் எக்ஸ்போஷர்' இல் அம்மம்மாவின் படத்துக்கு மேல் பாயின் பின்னலை மங்கலாக வைக்கலாம். முகத்துக்கு மேல் வராமல், ஓரங்களில் மட்டும் தெரிய வேண்டும். செய்த வேலைகளின் பட்டியலைத் திறந்தால் அந்த ஒரு வேலையை மட்டும் விரலால் தேவையான இடத்தில் பூசலாம். நம் இலங்கையில் இப்படிப் படத்தோடு படம் சேர்த்தவர் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். 1900இல் பிறந்து 1944இல் மறைந்தவர். கழுவிக்கொண்டிருக்கும் படத்தின் மேல் திரும்பவும் வெளிச்சம் காட்டி, உருவத்தைச் சுற்றிக் கோடு வரச் செய்யும் முறையையும் அவர் கையாண்டார். எல்லாம் கொழும்பில், கையால். அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள், தங்கச்சி, நேரம் எடுத்துப் பாருங்கள்.

கடைசியாகச் சில சின்ன விஷயம். நம்மூர் வெயிலில் திரை வெளிச்சத்தை முழுவதும் கூட்டி வைத்துக்கொண்டு எடிட் பண்ணாதீர்கள், படம் வெளிச்சமாகத் தெரிவதால் இருட்டாக்கிவிடுவீர்கள், அச்சில் இன்னும் கறுத்து வரும். நிழலில் இருந்து, திரையை நடுத்தரமாக வைத்துச் செய்யுங்கள். கண்ணுக்காகத் திரையை மஞ்சளாக்கும் வசதி இருந்தால் அதையும் நிற்பாட்டுங்கள். மூலப் படத்தை அழிக்காமல் பிரதியாகவே சேமியுங்கள்.

மூன்று படத்தையும் முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும், அதனால் டொக்கியூமென்ட் ஆக அனுப்புங்கள். அடுத்த கிழமை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கதைப்போம். அடுத்த கேள்வி வாழைச்சேனையில் இருந்து, கூத்துக்களரியில் கலர் லைட்டுக்குள் எடுத்த படங்களில் முகம் நீலமாக வருகிறதாம். அதைப் பார்ப்போம்.