முட்டையில்லாப் பிரௌனி: ஓவனில் பாதி, குளிர்பெட்டியில் மீதி

நேயர்களுக்கு வணக்கம்.

புரட்டாசி பிறந்துவிட்டால் நம் வீடுகள் பலவற்றில் முட்டை உள்ளே வராது. தீபாவளிக்குப் பலகாரத்தோடு, அழுத்தமான சாக்லேட் கேக் துண்டுகளான பிரௌனியும் ஒரு பெட்டி கொடுக்கலாம் என்று நினைப்பவர்கள், வாங்குகிறவர் முட்டை சாப்பிடுவாரா என்று யோசிக்கவும் வேண்டியிருக்கிறது. சைவக் குடும்பம், முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளை, பாலும் வேண்டாம் என்று முழுத் தாவர உணவுக்கு மாறியவர் என்று காரணங்கள் வேறுவேறு. முட்டையை விட்டுச் சுட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு குறைகளைத்தான் சொல்வார்கள். நடுவில் களி போல இருக்கிறது என்பார்கள், அல்லது வெட்டும்போது உதிர்கிறது என்பார்கள். உடனே, போட்ட மாற்றுப் பொருள் சரியில்லை என்று அடுத்த பொருளுக்குத் தாவுவார்கள். குறை பெரும்பாலும் அங்கே இல்லை. ஓவனிலிருந்து எடுத்த நேரத்திலும் கத்தி வைத்த நேரத்திலும் இருக்கிறது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரௌனியில் முட்டை பல வேலைகளைச் செய்கிறது. ஈரம் தருகிறது. மஞ்சள் கருவில் உள்ள லெசித்தின், வெண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்து வைக்கிறது. அடித்துச் சேர்த்தால் மேலே மெல்லிய பளபளப்பான ஏடு வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முட்டையின் புரதம் 60 டிகிரியைத் தாண்டும்போதே இறுகத் தொடங்கி, 80 டிகிரிக்குள் நன்றாக உறைந்துவிடுகிறது. அதனால் முட்டை போட்ட பிரௌனியை நடுவில் கொஞ்சம் வேகாமல் எடுத்தாலும் அது நிற்கும்.

முட்டையை எடுத்துவிட்டால் பிரௌனியைத் தாங்கி நிற்பது மாவின் ஸ்டார்ச்தான். சர்க்கரை இவ்வளவு அதிகமாக இருக்கும் கலவையில் ஸ்டார்ச் சீக்கிரம் வேகாது. தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால், அது வெந்து கெட்டியாகும் வெப்பநிலை 90 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடுகிறது. வெந்த ஸ்டார்ச்சும் ஆறினால்தான் இறுகும். ஆகவே முட்டையில்லாப் பிரௌனிக்கு விதி இரண்டு: நடுப்பகுதி 95 டிகிரியைத் தொடும்வரை சுட வேண்டும்; நன்றாகக் குளிரும்வரை வெட்டக்கூடாது. எந்த மாற்றுப் பொருளைப் போட்டாலும் இந்த இரண்டும் மாறாது.

இனி அளவு. பேனா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர், அதாவது 8 அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கு, இரண்டு முட்டைக்குப் பதிலாக ஆளி விதை போட்டுச் செய்யும் அளவு இது. கோப்பைக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். நம் சிங்கப்பூர் ஈரப்பதத்தில் மாவும் கோக்கோவும் கட்டிப்பிடித்திருக்கும். கோப்பையில் அள்ளினால் ஒவ்வொரு முறையும் வேறு எடை வரும்.

கறுப்புச் சாக்லேட், கோக்கோ 55 முதல் 60 விழுக்காடு உள்ளது, 150 கிராம். உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம். பொடிச் சர்க்கரை அல்ல, மணி சிறிதாக இருக்கும் கேஸ்டர் சர்க்கரை 180 கிராம். இனிப்புச் சேர்க்காத சோயா பால் 30 மில்லிலிட்டர். மைதா 110 கிராம். கோக்கோத் தூள் 25 கிராம். பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, இன்ஸ்டன்ட் காப்பித் தூள் ஒரு தேக்கரண்டி, வெனிலா ஒரு தேக்கரண்டி. ஆளி விதைத் தூள் 14 கிராம், அது சுமார் இரண்டு மேசைக்கரண்டி வரும். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் 90 மில்லிலிட்டர்.

ஆளி விதையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முழு விதையை ஊறவைத்தால் மேலே வழவழப்பு வரும், ஆனால் போதாது. மிக்சியின் சிறிய ஜாரில் விட்டு விட்டு நைசாக அரைத்து, சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். கொரகொரப்பாக இருந்தால் பிரௌனியில் மணல் கடிபடுவதுபோல இருக்கும். தண்ணீரில் கலக்கி 15 நிமிடம் வையுங்கள். கரண்டியைத் தூக்கினால் கலவை சொட்டுச் சொட்டாக விழாமல் இழையாக இறங்க வேண்டும். இன்னும் தண்ணீராகவே ஓடினால் தூள் கொரகொரப்பு, அல்லது பழசு. அரைத்த ஆளி விதையின் எண்ணெய் நம் வெப்பத்தில் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும். முகர்ந்து பார்த்தால் பெயின்ட் வாசனை வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். 50 கிராம் 50 கிராமாக அரைத்து உறைபெட்டியில் வைத்துக்கொள்வதே நல்லது. தேக்காவின் (லிட்டில் இந்தியா) மளிகைக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் பழுப்பு, பொன்னிறம் என இரண்டு நிறத்திலும் கிடைக்கிறது. சாக்லேட்டில் பழுப்பு தெரியாது, அதையே வாங்குங்கள்.

ஓவனை 170 டிகிரி செல்சியசுக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள், விசிறி ஓடினால் 160. அடிகனமான சட்டியில் வெண்ணெய், சர்க்கரை, சோயா பால் மூன்றையும் சிறு தீயில் வைத்துக் கிளறுங்கள். ஓரத்தில் குமிழ் கட்டத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள், கொதிக்க வேண்டியதில்லை. இந்தச் சூட்டில் சர்க்கரையின் ஒரு பகுதி பாலில் கரைந்துவிடும். மேலே பளபளப்பு ஏடு வருவதற்கு அதுதான் வழி. உடைத்த சாக்லேட்டை அதில் போட்டு ஒரு நிமிடம் அப்படியே விட்டு, பிறகு கிளறுங்கள்.

கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஆளி விதைக் கூழையும் வெனிலாவையும் சேர்த்து, கம்பிக் கரண்டியால் ஒரு நிமிடம் விடாமல் வேகமாக அடியுங்கள். கலவை கெட்டியாகி, மினுமினுப்பாக, சட்டியின் ஓரத்தைவிட்டுத் திரண்டு வரும். இந்தக் கட்டத்தில் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்பதைப் பார்த்தால் மாவைக் கொட்டிவிடாதீர்கள். மஞ்சள் கரு இல்லாததால் கொழுப்பைப் பிடித்து வைக்க ஆளில்லை, அதனால் வருவது அது. வெதுவெதுப்பான சோயா பாலை ஒரு தேக்கரண்டி விட்டு அடியுங்கள். சேரவில்லை என்றால் இன்னொரு தேக்கரண்டி. சோயாவிலும் லெசித்தின் இருக்கிறது, கலவை மறுபடி கூடிவிடும். பிரிந்த நிலையிலேயே சுட்டால் தட்டின் அடியில் எண்ணெய் தேங்கும், பிரௌனி வறண்டு போகும்.

மாவு, கோக்கோ, பேக்கிங் பவுடர், உப்பு, காப்பித் தூள் எல்லாவற்றையும் சேர்த்துச் சலித்து, கலவையில் மூன்று முறையாகக் கலந்துகொள்ளுங்கள். வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் நிறுத்துங்கள். கேக்குக்கென்று விற்கும் மென்மாவு இதற்கு வேண்டாம். புரதம் குறைவு, முட்டையும் இல்லாதபோது துண்டு நிற்காது. சாதாரண மைதாவே சரி. சுயமாகப் பொங்கும் மாவையும் தவிர்த்துவிடுங்கள், பிரௌனி கேக்காகிவிடும். வினிகரும் சமையல் சோடாவும் ஊற்றும் குறிப்புகளும் அப்படியே. அவை கேக்குக்கு நன்றாக வேலை செய்யும். பிரௌனி உயரவே தேவையில்லை.

எண்ணெய்த்தாள் விரித்த உலோகத் தட்டில் ஊற்றிச் சமப்படுத்துங்கள். கண்ணாடித் தட்டுதான் இருக்கிறது என்றால் சூட்டை 10 டிகிரி குறைத்துச் சில நிமிடம் கூடுதலாக வையுங்கள். நடுத்தட்டில் 25 முதல் 30 நிமிடம். வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் பலரிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன். அதில் மேல்கம்பி தட்டுக்கு மிக அருகில் இருக்கும். உள்ளே வேகுமுன் மேலே கருகும். 15 நிமிடம் ஆனதும் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள். ஓவன் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். உள்ளே வைக்கும் வெப்பமானி ஒன்று பேக்கிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அது இல்லாமல் நேரத்தைத் திருத்திக்கொண்டே இருப்பது வீண்.

வெந்துவிட்டதா என்று பார்க்கக் குத்தும் வெப்பமானியை நடுவில் இறக்குங்கள். 95 காட்டினால் எடுத்துவிடலாம். அது இல்லாதவர்கள் தட்டை லேசாக அசைத்துப் பாருங்கள். ஓரம் இரண்டு விரல்கடை அளவுக்கு இறுகி, நடு தளும்பாமல் இருக்க வேண்டும். பல் குச்சியில் ஈரத் துகள் ஒட்டலாம், பச்சை மாவு வழியக்கூடாது. குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் ஆறிய பிறகு காய்ந்து கட்டியாகிவிடும்.

ஓவனிலிருந்து வந்தவுடன் அதைப் பார்த்தால் வேகாததுபோலத் தோன்றும். நம்பி விட்டுவிடுங்கள். தட்டிலேயே ஒரு மணி நேரம் ஆறட்டும். பிறகு மூடிக் குளிர்பெட்டியில் குறைந்தது மூன்று மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க. குளிர்நாடுகளில் சமையலறை மேசையிலேயே ஆறினால் போதும் என்று எழுதியிருப்பார்கள். நம் சமையலறை 30 டிகிரி. கோக்கோ வெண்ணெய் 34 டிகிரி அளவில் உருகிவிடும். பசு வெண்ணெய் 30 டிகிரியில் ஏற்கெனவே குழைந்துதான் இருக்கும். ஸ்டார்ச் இறுகினாலும் கொழுப்பு இறுகாமல் துண்டு தொளதொளவென்று நிற்கும். வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி துடைத்துக்கொண்டால் ஓரம் நறுக்கென்று வரும். பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்பு வெளியே எடுத்தால் போதும்.

பாலும் வேண்டாதவர்கள் வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறார்கள். சுவை நன்றாகவே இருக்கும். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். இங்கே குளிர்பெட்டியைவிட்டு வெளியே வந்த சிறிது நேரத்தில் கை பிசுபிசுக்கும். கட்டியாக விற்கும் தாவர வெண்ணெயே மேல். தேங்காய் எண்ணெய்தான் என்றால் 90 கிராம் போதும். வெண்ணெயில் தண்ணீரும் இருக்கும், எண்ணெயில் இல்லை, அதனால் சோயா பாலை 45 மில்லிலிட்டராகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆளி விதையைத் தவிர வேறு என்ன என்று கேட்டால், நான் முதலில் சொல்வது கொண்டைக்கடலை வெந்த தண்ணீர். 2014இல் பிரான்சைச் சேர்ந்த ஜோயல் ரோசெல் அது முட்டை வெள்ளைக்கரு போல நுரைக்கும் என்று காட்டினார். மறு ஆண்டு அமெரிக்கரான கூஸ் வோல்ட் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார். நவராத்திரியில் சுண்டல் அவிக்கும் வீடுகளில் அது கீழே கொட்டப்படுகிறது, பாவம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில், உப்பில்லாமல் குழைய வேகவைத்து, கடலையோடு சேர்த்து ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் வடித்தால் லேசான கூழாக இருக்க வேண்டும். தண்ணீராக இருந்தால் அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சுங்கள். டின் கடலையின் தண்ணீரும் ஆகும், உப்பில்லாததாகப் பார்த்து வாங்கினால்.

ஒரு முட்டைக்கு 45 மில்லிலிட்டர், நம் அளவுக்கு 90. எண்ணெய்ப்பசை இல்லாத பாத்திரத்தில் மின்கலப்பானால் ஐந்தாறு நிமிடம் அடித்து, சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கெட்டியான பளபளப்பு நுரை வந்ததும், வெதுவெதுப்பான சாக்லேட் கலவையில் மெதுவாகச் சேர்க்க வேண்டும். இதற்குச் சர்க்கரையைச் சட்டியில் போடாமல் ஒதுக்கிவிடுங்கள். கொழுப்புப் பட்டதும் நுரை ஓரளவு அடங்கும், அது இயல்பு. சாக்லேட் சூடாக இருந்தால் முழுவதும் அடங்கிவிடும். மேல் ஏடு மெல்லியதாக நொறுங்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு இதுவே வழி. ஆளி விதையால் அவ்வளவு வராது.

அழுத்தமான, சாக்லேட் கட்டி போன்ற பிரௌனி பிடிக்குமானால் மென்மையான பட்டு டோஃபு. ஒரு முட்டைக்கு 60 கிராம், திப்பி இல்லாமல் அரைத்துச் சேர்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. நம் பேரங்காடிகளில் குழாய் வடிவப் பிளாஸ்டிக் உறையில் டோஃபு விற்கிறார்கள். அதே தட்டில், அதே வடிவத்தில், முட்டை டோஃபுவும் அடுக்கியிருக்கும். அவசரத்தில் கை மாறிவிடும். வெட்டினால் வெளிர்மஞ்சளாக இருப்பது முட்டை சேர்த்தது. வாங்கும்போதே உறையில் உள்ள பொருள் பட்டியலைப் படியுங்கள். சிங்கப்பூரில் பொட்டலமிட்டு விற்கும் உணவில் முட்டை, பால், சோயா, கோதுமை போன்றவை இருந்தால் உறையில் குறிப்பிடுவது கட்டாயம். கறுப்புச் சாக்லேட்டின் உறையையும் இப்படிப் பாருங்கள். பால் சேர்த்தவை நிறைய உண்டு.

வாழைப்பழம் மசித்துப் போடலாம், முட்டைக்கு 60 கிராம். ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிவது வாழைப்பழம்தான், சாக்லேட் பின்னால் போய்விடும். ஆப்பிள் கூழுக்கு வாசனை குறைவு, பிடிப்பும் குறைவு. இரண்டையும் அளவுக்கு மேல் போட்டால் நடுப்பகுதி எத்தனை நேரம் சுட்டாலும் பசையாகவே நிற்கும்.

மிஞ்சியதைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்து நாள் வரும். வெளியே வைத்தால் இரண்டு நாள். அதற்குமேல் இந்த ஈரப்பதத்தில் மேல் ஏடு நமுத்துப் பிசுபிசுக்கும். தீபாவளிக்கு முன்கூட்டியே சுடுவதென்றால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி உறைபெட்டியில் வையுங்கள். இரண்டு மாதம் வரை இருக்கும். கொடுப்பதற்கு முந்தின இரவு குளிர்பெட்டிக்கு மாற்றி, உறையைப் பிரிக்காமல் அப்படியே இளகவிடுங்கள். பிரித்து வைத்தால் மேலே தண்ணீர் முத்து கோத்துக்கொள்ளும். டப்பாவின் மூடியில் சோயா, கோதுமை, பால் என்று உள்ளே இருப்பதை எழுதி ஒட்டிக் கொடுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு என்றால், கலக்கும் பாத்திரத்தையும் கம்பிக் கரண்டியையும் முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள்.

வணக்கம்.