கைக்கு ஏற்ற மரம்

வணக்கம், நேயர்களே. ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் அரிய மரங்களில் கைப்பிடி செய்துகொள்ள விரும்புகிறவர்கள், 'எந்த மரம் அழகு?' என்றுதான் முதலில் கேட்பார்கள். நானோ, கையைக் காட்டச் சொல்வேன்.

துப்பாக்கியின் விசையில் (ட்ரிக்கரில்) படிய வேண்டியது ஆள்காட்டி விரல் நுனியின் சதை. கைப்பிடி பருத்திருந்தால் விரல் எட்டாது. அதற்காகக் கையைத் திருப்பிப் பிடிப்பார்கள், அப்புறம் குறி எங்கோ போகும். மெலிந்திருந்தால் சுடும்போது உள்ளங்கைக்குள் சுழலும். பழைய ரிவால்வர்களில் விசைக்காப்பு வளையத்துக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் நடுவிரல் மூட்டு அடி வாங்கும். அங்கே மரத்தை நிரப்பினாலே பாதி வலி குறையும்.

சரி, மரத்துக்கு வருவோம். கருங்காலி, ஈட்டி, மத்திய அமெரிக்காவின் கொக்கபோலோ, எதுவானாலும் வைரம் பாய்ந்து நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் திருகாணித் துளையருகே பிளந்துவிடும். சுழி சுழியாக ரேகை ஓடும் கட்டை கண்ணைப் பறிக்கும், ஆனால் பிசின் ஏற்றிக் கெட்டிப்படுத்தாமல் அதை நம்ப மாட்டேன். போட்டிக்குச் சுடுகிறவர்கள் பலர் சாதாரண வால்நட்டையே பிடிக்கிறார்கள். என் ஓட்டும் அதற்குத்தான்.

பொருத்துவதில்தான் வேலையே இருக்கிறது. தோட்டாக்களை எடுத்துவிட்டோமா என்று இரண்டு முறை பாருங்கள். மரம் உட்காரும் துப்பாக்கியின் இரும்புச் சட்டத்தில் விளக்குக் கரியை லேசாகத் தடவி, மரத்தை வைத்து அழுத்தி எடுங்கள். மேடான இடத்தில் மட்டும் கரி ஒட்டியிருக்கும். அதை மட்டும் சுரண்டிவிட்டு மறுபடி வையுங்கள். திருகாணியை இறுக்கினால்தான் மரம் உட்காருகிறது என்றால், இன்னும் சுரண்ட வேண்டியிருக்கிறது என்று பொருள்.

கொக்கபோலோ தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். முகக்கவசம் இல்லாமல் தேய்க்காதீர்கள். மேலே பளபளவென்று வார்னிஷ் அடித்தால் வேர்த்த கையில் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் போதும்.

கட்டை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஈட்டியும் கொக்கபோலோவும் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பிரேசில் ஈட்டிக்கு 1992 முதலே அதைவிடக் கடுமையான தடை. எல்லை தாண்டி அனுப்புவதாகவோ வரவழைப்பதாகவோ இருந்தால், என்ன அனுமதி தேவை என்று விற்பவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.